ஆறு ரன் இல்லாத மைதானம்

எங்கள் தோட்டத்து மைதானத்தில் ஆறு ரன் என்று ஒன்று கிடையாது. நான்கு உண்டு, இரண்டு உண்டு, ஓடினால் ஒன்று உண்டு. தூக்கி அடித்த பந்து பள்ளத்துத் தேயிலைக்குள் விழுந்தால் அவுட். எவ்வளவு அழகாக அடித்தாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மட்டையைப் போட்டுவிட்டு வந்து உட்கார வேண்டியதுதான்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பந்துவீச்சுக்காரி ஆனதும், கொழும்பில் முதல் ஆட்டத்திலேயே எல்லோரும் சிரிக்க நின்றதும், பிறகு அங்கேயே பிழைத்துக் கிடந்ததும் இந்த ஒரு சட்டத்தால்தான்.

மைதானம் என்பதே கொஞ்சம் பெருமைக்குச் சொல்வது. நோர்வூட்டிலிருந்து ஏறும் தோட்டத்து ரோட்டை ஒட்டி, மலையை வெட்டிச் சமன் செய்த ஒரு துண்டுத் தரை. ஒரு பக்கம் மண் திட்டு, திட்டுக்கு மேல் எங்கள் லயம், ஒரே கூரையின் கீழ் வரிசையாகத் தொழிலாளர் வீடுகள். ஒரு முனையில் பிள்ளைக்காம்பராவின் சுவர். அம்மாமார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அந்தச் சுவர்தான் எங்கள் விக்கெட் கீப்பர். அதனால் எப்போதும் ரோட்டு முனையிலிருந்து சுவரைப் பார்த்துத்தான் பந்து போடுவோம், முனை மாறுவதே இல்லை. மிச்சமிருந்த பக்கம், வலக்கை ஆட்டக்காரரின் கால் பக்கம், அப்படியே சரிந்து தேயிலைக்குள் இறங்கும்.

பெரிய பையன்கள் பந்தைத் தேடுகிறோம் என்று உள்ளே புகுந்து கொப்புகளை மிதித்து முறித்ததில், மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா ஒருநாள் நேரில் வந்து கத்திவிட்டுப் போனார். மறுபடி ஒரு கொப்பு முறிந்தால் மைதானத்திலும் கன்று நட்டுவிடுவேன் என்றார். அவர் சொன்னதைச் செய்யக்கூடியவர்தான். அன்றைக்கு வந்தது இந்தச் சட்டம். அந்தப் பக்கம் அடித்தால் அவுட், பந்தை எடுக்கச் சின்னப் பிள்ளைகள் மட்டும்தான் இறங்க வேண்டும். எடுத்து வருகிற பிள்ளைக்குக் கூலியாக ஒரு ஓவர் பந்து போடக் கொடுக்க வேண்டும்.

அந்தக் கூலிக்காகத்தான் நானும் என் தங்கச்சியும் பள்ளத்து ஓரத்தில் காத்துக் கிடந்தோம். பெண் பிள்ளைகளை வேறு எந்த வழியாலும் ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். எனக்குப் பத்து வயது, அவளுக்கு எட்டு.

ஆனால் எனக்கு அட்டை என்றால் உயிர் போய்விடும். மழைக் காலத்தில் எங்கள் தேயிலைக்குள் கால் வைத்தால் நாலு அட்டையாவது ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். தங்கச்சிக்கு அந்தப் பயமெல்லாம் இல்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்குவாள், செடிகளுக்கு நடுவே தலை மறைந்துவிடும், கொஞ்ச நேரத்தில் பந்தோடு ஏறி வருவாள். கணுக்காலில் இரத்தம் வழியும். அட்டையை நகத்தால் சுண்டி எறிந்துவிட்டு பந்தை என் கையில் கொடுப்பாள். ஓவரை நான் போடுவேன்.

இதில் எனக்கு அப்போது ஒரு உறுத்தலும் இருந்ததில்லை. நான் அக்கா, அவள் தங்கச்சி. கிடைத்த ஓவர் எங்கள் இருவருக்கும் சேர்ந்தது, அதை யார் நன்றாகப் போடுகிறாரோ அவர்தானே போட வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டிருந்தேன். நன்றாகப் போடுகிறவர் யார் என்பதையும் நானே முடிவு செய்திருந்தேன். அவள் ஒருதரமும் போட்டுப் பார்த்ததில்லை.

ஒரு ஓவர் கிடைத்தால் அதை வைத்து இன்னொரு ஓவர் சம்பாதிக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, அடிக்கிறவனைப் பள்ளத்துப் பக்கம் அடிக்க வைப்பது. அடித்தால் அவன் அவுட், பந்தைத் தங்கச்சி எடுப்பாள், எனக்கு அடுத்த ஓவர். ஆகவே வேகமாகப் போட்டுப் பிரயோசனமில்லை என்பது சீக்கிரமே புரிந்துவிட்டது. மெதுவாக, உயரமாக, அவன் கண்ணுக்கு நேரே தூக்கிப் போட வேண்டும். விழுந்த பிறகு பந்து காலைப் பார்த்து உள்ளே திரும்ப வேண்டும். அப்படி வரும் பந்தைப் பார்த்தால் எவனுக்கும் கை ஊறும். அடிக்கக் கூடாது என்று தெரியும், தெரிந்தும் அடிப்பான். ஆஃப் ஸ்பின் என்று அதற்குப் பெயர் இருப்பதே எனக்குப் பள்ளிக்கூட அணியில் சேர்ந்த பிறகுதான் தெரியும்.

பள்ளிக்கூட அணி, அதற்குப் பிறகு மாவட்ட அணி, நுவரெலியாவில் ஒரு தேர்வு. அதில் என் பந்தைப் பார்த்துக் கொழும்பில் ஒரு கிளப் எனக்குக் கடிதம் அனுப்பியது. ஒரு சீசனுக்கு எடுத்துக்கொள்கிறோம், தங்க இடமும் சாப்பாடும் சம்பளமும் தருவோம், சீசன் முடிவில் வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று சொல்வோம் என்று இருந்தது. எனக்கு வயது பத்தொன்பது. தங்கச்சி ஹட்டனில் உயர்தர வகுப்பில் இருந்தாள். கணக்கில் கெட்டிக்காரி, டீச்சராக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.

அம்மாவுக்கு அந்தக் கடிதம் பிடிக்கவில்லை. முட்டி தேய்ந்து மலை ஏற முடியாமல் கிடந்தவளுக்கு எப்படிப் பிடிக்கும்? அப்பா இறந்த பிறகு வீட்டில் தோட்டத்து வேலைக்குப் பெயர் பதிந்திருந்தவள் அம்மா மட்டும்தான். பெயர் பதிந்த ஆள் ஒருவராவது இருந்தால்தான் குடியிருக்கும் லயத்துக் காம்பரா கையில் நிற்கும் என்று எங்கள் லயத்தில் எல்லோரும் நம்பினார்கள். சட்டம் என்ன சொல்கிறதோ எனக்குத் தெரியாது. ஆள் இல்லாத காம்பராவுக்குத் தோட்டத்து ஆபீசிலிருந்து கேள்வி வந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறோம், அது போதும். அந்த வருஷம் நான் பெயர் பதிவதாகத்தான் பேச்சு.

"ஒரு சீசன் போயிட்டு வா" என்றாள் அம்மா கடைசியில். "அது வரைக்கும் நான் எப்படியாச்சும் பல்லக் கடிச்சுக்கிட்டு மலைக்குப் போறேன். அவங்க வச்சிக்கிட்டா சரி, யோசிப்போம். இல்லன்னா வந்து பேரப் பதிஞ்சிரு. அப்பறம் பந்து கிந்துன்னு பேசக் கூடாது."

சரி என்றேன். தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள், இல்லை, படிப்பது மாதிரி பாவனை செய்துகொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

கொழும்பில் முதலில் என்னை அடித்தது வெயில். எங்கள் ஊரில் பந்து போடுவதற்கு முன்னால் விரல்களை வாயில் வைத்து ஊதிச் சூடாக்குவோம். இங்கே வியர்வையில் பந்து மீன் மாதிரி வழுக்கியது. இரண்டாவது மொழி. எனக்குத் தெரிந்ததெல்லாம் கடையில் சாமான் வாங்குகிற சிங்களம். அணியில் தமிழ் பேசுகிறவள் நான் ஒருத்திதான். அணித் தலைவியை எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டார்கள், அந்த ஒரு சொல்லாவது இரண்டு பாஷைக்கும் பொதுவாக இருந்ததில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

முதல் ஆட்டத்தில் அக்கா என்னிடம் பந்தைக் கொடுத்தபோது எனக்குத் தெரிந்த ஒரே பந்தைப் போட்டேன். மெதுவாக, உயரமாக, காலைப் பார்த்து. அடிக்க நின்றவள் நல்ல உயரம், ஓங்கி அடித்தாள். பந்து கால் பக்கம் எழும்பி, எல்லைக் கயிற்றைத் தாண்டி, வேலியையும் தாண்டிப் போனது.

நான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தேன்.

சும்மா இல்லை, கத்திக்கொண்டு குதித்தேன். ஓடிப்போய் பக்கத்தில் நின்றவளைக் கட்டிப் பிடித்தேன். அவள் என்னைத் தள்ளிவிட்டுப் பேயறைந்த மாதிரி பார்த்தாள். நடுவரும் இரண்டு கையைத் தூக்கியிருந்தார். அவருக்கும் சந்தோஷம் போல என்று ஒரு நொடி நினைத்தேன். அடித்தவள் மட்டையில் சாய்ந்துகொண்டு சிரித்த சிரிப்பில்தான் எனக்கு நிலைமை புரிந்தது.

டீவியில் ஆறு ரன் பார்த்ததில்லையா என்று கேட்பீர்கள். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூட ஆட்டங்களில் என் பந்தை அவ்வளவு தூரம் யாரும் அடித்ததில்லை, அதனால் சோதனை வரவில்லை. மூளைக்கு ஆறு தெரியும். கைகளுக்கும் தொண்டைக்கும் தெரிந்தது தோட்டத்துச் சட்டம் மட்டும்தான். கால் பக்கம் பந்து உயரப் போய்க் கண்ணுக்கு மறைந்தால் அவுட், எனக்கு இன்னொரு ஓவர். ஒன்பது வருஷம் அப்படிப் பழகிய உடம்பு.

இன்னொரு ஓவர் கிடைக்கவில்லை. அடுத்த ஐந்து ஆட்டங்களுக்கும் கிடைக்கவில்லை. தண்ணீர் போத்தல் தூக்கினேன். பயிற்சியில் யார் ஆறு அடித்தாலும் அணி மொத்தமும் என்னைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி "அவுட்!" என்று கத்தும். சாப்பாட்டு மேசையில் யாராவது தட்டைக் கீழே போட்டாலும் அதே கத்தல். அவர்களுக்கு அது விளையாட்டு, எனக்கு எரியும். கூடவே சிரித்துவிடுவது நல்லது என்று புரிய ஒரு மாதம் ஆனது. சிரித்த பிறகுதான் சிங்களமும் வாயில் வந்தது.

பயிற்சியாளர் என் பந்தையே மாற்றினார். உயரம் வேண்டாம், தட்டையாகப் போடு, வேகமாகப் போடு, ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே போடு. போட்டேன். ரன் குறைந்தது, விக்கெட்டும் விழவில்லை. அப்படிப் போடக் கொழும்பிலேயே ஆயிரம் பேர் இருக்கிறார்கள், இதற்கு என்னை எதற்கு மலையிலிருந்து இறக்கினார்கள் என்று எனக்கே தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு போன் எடுப்பேன். முதலில் எல்லாம் அம்மா பேசுவாள். சீசனின் கடைசி மாதம் தங்கச்சிதான் எடுத்தாள். அம்மா தூங்குகிறாள், அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள், அம்மா குளிக்கிறாள். படிப்பு எப்படி என்று கேட்டால் "அது பாட்டுக்குப் போவுது" என்பாள். சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்கு என் கவலையே தலைக்கு மேல் இருந்தது. வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா, காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கூடையோடு வரிசையில் நிற்கப் போகிறேனா. தூக்கத்தில்கூட அந்த வரிசை வந்தது. கொழுந்து பறிப்பது கேவலம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அந்தத் தேயிலைக்குள் நாள் முழுதும் நிற்க என்னால் முடியாது என்று தெரியும். பயம்தான். அட்டைக்கு மட்டுமான பயமில்லை அது. ஒருதரம் இறங்கினால் ஏற மாட்டேன் என்ற பயம்.

சீசனின் கடைசி ஆட்டம் இருபது ஓவர். அணியின் நல்ல பந்துவீச்சுக்காரி ஒருத்திக்கு பந்தைப் பிடிக்கப் போய் விரல் கிழிந்துவிட்டது. பத்தொன்பதாவது ஓவரைப் போட ஆளில்லை. அக்கா சுற்றிலும் பார்த்தாள், என்னைத் தாண்டிப் பார்த்தாள், திரும்ப என்னிடமே வந்தாள். எதிரணிக்கு இன்னும் இருபது ரன் வேண்டும். எதிரே நின்றவள், சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதல் ஆட்டத்தில் என்னை அடித்துவிட்டுச் சிரித்தாளே, அதே உயரக்காரி. அதற்குள் கிளப் மாறியிருந்தாள்.

சொல்லிக்கொடுத்தபடி முதல் இரண்டு பந்தைத் தட்டையாகப் போட்டேன். இரண்டும் நான்கு. பயிற்சியாளர் வெளியே தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. இனி நான்கு பந்து. நான்கும் இப்படியே போனால் மறுநாள் காலை ஹட்டன் ரயில்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். போகிறதுதான் போகிறோம், என் பந்தையாவது போட்டுவிட்டுப் போவோம் என்று நினைத்தேன். அக்காவிடம் போய், கால் பக்கம் எல்லைக் கயிற்றில் ஒருத்தியை நிறுத்தச் சொன்னேன்.

"மறுபடியும் ஆறு கொடுக்கப் போறியா?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"எங்க ஊர்ல அங்க ஒருத்தி நிப்பா" என்றேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அதற்கு மேல் விளக்க முடியவில்லை. அக்கா என்ன புரிந்துகொண்டாளோ, அணியில் நன்றாகப் பிடிக்கக்கூடியவளை அங்கே அனுப்பினாள்.

மெதுவாக, உயரமாக, அவள் கண்ணுக்கு நேரே போட்டேன். அவளுக்கும் கை ஊறியது. பந்து கால் பக்கம் எழும்பியது. இந்தமுறை நான் கையைத் தூக்கவில்லை. கையிரண்டையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பந்தைப் பார்க்காமல், கயிற்றில் நின்றவளை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் இரண்டு அடி பின்னால் போனாள். நின்றாள். நெஞ்சுக்கு நேரே பிடித்தாள். நடுவர் விரலைத் தூக்கினார். திரும்பிப் பார்த்தால் அணி மொத்தமும் என்னைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி "அவுட்!" என்று கத்துகிறது. அன்றைக்குத்தான் எனக்கு அந்தக் கத்தல் பிடித்தது.

மீதிப் பந்துகளில் இரண்டே ரன். கடைசி ஓவரையும் சமாளித்து ஜெயித்தோம். சாயந்தரம் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த சீசனுக்கும் வைத்துக்கொள்கிறோம் என்று சொன்னார். அவர் சொல்லி முடிக்கும் முன்னமே நான் வெளியே வந்து வீட்டுக்கு போன் எடுத்தேன்.

தங்கச்சிதான் எடுத்தாள். மூச்சு வாங்கியது.

"அம்மா எங்க?"

"படுத்திருக்கு."

"நீ ஏன் இப்படி மூச்சு வாங்குற?"

"இப்பதான் மலையில இருந்து எறங்குனேன்."

"மலைக்கு எதுக்குப் போன?"

"வேல செய்யத்தான். வேற எதுக்குப் போவாங்க?" என்றாள். "அம்மா வழுக்கி விழுந்து ஒரு மாசம் ஆச்சு. நடக்க முடியல. நான் பேரப் பதிஞ்சிட்டேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வந்திருப்ப. வந்து என்ன செய்யப் போற? மைதானத்து ஓரத்துல நின்னு நீ ஒரு மாதிரி, நான் ஒரு மாதிரின்னு ரெண்டு பேரும் மூஞ்சத் தூக்கிக்கிட்டு இருக்கவா?" சிரித்தாள். "அது கெடக்கட்டும். வச்சிக்கிட்டாங்களா, இல்லையா?"

வைத்துக்கொண்டார்கள் என்று சொன்னேன். அவள் வீட்டுக்குள் திரும்பி, "அம்மா, வச்சிக்கிட்டாங்களாம்!" என்று கத்தியது கேட்டது. நான் போனைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அணிக்காரிகள் வந்து முதுகில் தட்டினார்கள். தங்கச்சியின் உயர்தரப் பரீட்சைக்கு அப்போது மூன்று மாதம்தான் இருந்தது.

ஏழு சீசன் ஆகிவிட்டது. தேசிய அணியின் சட்டையை இரண்டு தடவை போட்டேன், அப்புறம் என்னைவிட நன்றாகப் போடுகிறவள் வந்தாள், கழற்றிக் கொடுத்துவிட்டேன். அதில் மனத்தாங்கல் எதுவும் இல்லை. கிளப்பில் இன்னும் இருக்கிறேன். தோள் மழை வந்தால் வலிக்கும். ஒவ்வொரு சீசனும் முடியும்போது ஒரு கடிதம் வரும், வந்தால் அடுத்த சீசன் உண்டு.

நான் தேசிய அணியில் இருந்தபோது கொழும்பிலிருந்து ஒரு பத்திரிகைக்காரர் எங்கள் தோட்டத்துக்கே வந்தார். என்னைக் கூடையோடு தேயிலைக்குள் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும் என்றார். நான் வாழ்நாளில் ஒரு கொழுந்து கிள்ளியதில்லை என்று சொன்னேன். பரவாயில்லை, சும்மா நில்லுங்கள் என்றார். தங்கச்சியின் கூடையை வாங்கி மாட்டிக்கொண்டு ஓரமாக, அட்டை இல்லாத இடமாகப் பார்த்து நின்றேன். "கொழுந்து பறித்த விரல்கள்தானே பந்தைச் சுழற்றுகின்றன?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அப்படியே எழுதிவிட்டார், இல்லையை மட்டும் விட்டுவிட்டார். அவர் தேடி வந்த விரல்களுக்குச் சொந்தக்காரி அவருக்குப் பின்னாலேயே நின்று வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். பத்திரிகை வந்தபோது, "கூடைய மாட்டக்கூடத் தெரியல, வெரலாம் வெரல்" என்றாள். லயம் மொத்தமும் அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தது.

அவளை வேலையை விட்டுவிட்டுப் படிக்கச் சொன்னேன், ஒருமுறை அல்ல, பல முறை. செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஒருதரம் நான் விடாமல் பேசியபோது, கொழுந்துக் கறை பிடித்த கையை என் முகத்துக்கு நேரே நீட்டிக் கேட்டாள். "ஒனக்கு வருஷா வருஷம் ஒரு கடுதாசி வருது. ஒரு கடுதாசிய நம்பி வீட்ட விட முடியுமா? நான் வேலையில இருந்து நின்னா வேற ஒருத்தர் பதியணும். நீ வந்து பதியிறியா?"

மறுநாள் பயிற்சி இருக்கிறது என்று பஸ் ஏறிவிட்டேன். இதை எழுதும்போதுகூட வேறு மாதிரி எழுதிவிடலாமா என்று கை தயங்கியது. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

போன மாதம் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். மைதானத்தில் பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்தார்கள். இப்போது பெண் பிள்ளைகளையும் நேரடியாகவே சேர்த்துக்கொள்கிறார்கள், அதில் மட்டும் எனக்கு ஒரு சின்னப் பெருமை. ஒரு ஓவர் போடுங்க அக்கா என்றார்கள். ரோட்டு முனையிலிருந்து போட்டேன். இரண்டு பந்து போனது. மூன்றாவதை ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி நன்றாக எம்பி அடித்தாள், கால் பக்கம் உயர எழும்பிப் பள்ளத்துக்குள் போனது.

"அவுட்டு!" என்று கீழே தேயிலைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

தங்கச்சியின் குரல். அன்றைக்கு அவளும் அவளோடு வேலை செய்கிறவர்களும் அந்த மலையில்தான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். கூடை தொங்க, பாவாடை நனையாமலிருக்க இடுப்பில் படங்குத் துணியைச் சுற்றிக்கொண்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். பிள்ளைகள் அவளைப் பார்த்து, பந்தை எறியச் சொல்லிக் கத்தினார்கள். அவள் தேடக் குனிந்தாள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று கேட்டால் தெரியாது. மழை விட்ட மலை. பத்து அடி போவதற்குள் கணுக்காலில் அட்டை ஜில்லென்று ஏறியது. நிற்காமல் போனேன். பந்து அவளுக்குப் பறிக்க ஒதுக்கிய செடி நிரைக்கு இரண்டு நிரை தள்ளி ஒரு தூரில் கிடந்தது. நான்தான் எடுத்தேன்.

அவள் என் காலைப் பார்த்தாள். குனிந்து, கட்டைவிரல் நகத்தால் அட்டையைச் சுண்டி எறிந்தாள். இன்னொன்றையும் தேடி எடுத்தாள்.

"இத்தன வருஷத்துல இன்னைக்குத்தான் ஒனக்கு வழி தெரிஞ்சிச்சா?" என்றாள்.

பந்தை அவளிடம் நீட்டினேன். "நீ வந்து போடு. அந்த ஓவரெல்லாம் ஒன்னோடதுதான்" என்றேன். இதைச் சொல்ல எனக்குப் பதினாறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

அவள் பந்தை வாங்கினாள். படங்கில் துடைத்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். விரல்களை ஒருமுறை அதன்மேல் சரியாக வைத்துப் பார்த்தாள், நான் பிடிப்பது போலவே, யாரும் சொல்லிக்கொடுக்காமலே. பிறகு என் கையில் திருப்பி வைத்துவிட்டுக் கொழுந்துப் பக்கம் திரும்பினாள்.

"நான் இப்ப வந்தா என் நெறய யாரு எடுக்கிறது?" என்றாள். "மேல போ. ஒனக்கு இன்னும் மூணு பந்து இருக்கு."